கஞ்சாவைச் சட்டபூர்வமாக்குவது என்றால் என்ன? ஒரு கேள்விக்குள் நாலு கேள்விகள்

“கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கலாமா, கூடாதா?” என்று யாராவது கேட்டால் சட்டென்று பதில் சொல்லிவிடாதீர்கள். “எதை, யாருக்கு, யார் விற்க?” என்று திருப்பிக் கேளுங்கள். இந்த விவாதத்தில் நடக்கும் சண்டைகளில் பாதி, ஒரே சொல்லுக்கு ஆளுக்கொரு அர்த்தம் வைத்துக்கொண்டு போடும் சண்டைதான். ஒருவர் வலிப்பு நோயால் துடிக்கும் குழந்தைக்கான மருந்தை மனத்தில் வைத்து ‘ஆமாம்’ என்பார். இன்னொருவர் பள்ளிக்கூடத்துக்கு எதிரே பளபளவென்று ஒரு கடை திறப்பதைக் கற்பனை செய்து ‘கூடவே கூடாது’ என்பார். மூன்றாமவருக்கு, சட்டைப்பையில் ஒரு பொட்டலத்தோடு பிடிபட்டு வாழ்நாள் முழுக்கக் குற்றப் பதிவோடு அலையும் பையன் ஞாபகம் வரும். மூவரும் பேசுவது வேறு வேறு விஷயம். மூவர் சொல்வதும் ஒரே நேரத்தில் சரியாக இருக்க முடியும்.

இந்தக் கட்டுரை அந்தச் சிக்கலைப் பிரித்துக் காட்ட ஒரு முயற்சி. எனக்கென்று ஒரு கருத்து உண்டு. அதை ஒளிக்கப் போவதில்லை.

செடியும் அதன் சரக்கும்

கஞ்சா, மரிவானா, ஹெம்ப் எல்லாமே கன்னாபிஸ் என்ற ஒரே தாவரம். அதற்கே உரிய வேதிப்பொருள்கள் நூற்றுக்கும் மேல் அதில் இருக்கின்றன. ஆனால் விவாதத்தைப் புரிந்துகொள்ள இரண்டு போதும். போதை தருவது டிஎச்சி. போதை தராதது சிபிடி. பெண் செடியின் பூங்கொத்தில் டிஎச்சி அதிகம், இலையில் குறைவு, விதையில் அநேகமாக இல்லை. இந்தியாவின் 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டம் பூக்கும், காய்க்கும் நுனிகளை மட்டும் ‘கஞ்சா’ என்று வரையறுத்து, நுனியோடு சேராத இலையையும் விதையையும் விலக்கி வைத்ததும் இந்த வேறுபாட்டோடு ஒத்துப்போகிறது. அமெரிக்காவில் 2018இல் வந்த சட்டமோ உலர்ந்த எடையில் டிஎச்சி 0.3 சதவீதத்தைத் தாண்டாத செடியை ஹெம்ப் என்ற சாதாரண விவசாயப் பயிராக்கியது. அதாவது தசமப் புள்ளிக்குப் பின்னால் வரும் ஓர் எண், ஒருவர் விவசாயியா கடத்தல்காரரா என்று தீர்மானிக்கிறது.

டிஎச்சியை 1964இல் இஸ்ரேலில் ரஃபேல் மெச்சூலமும் யெகியேல் காவோனியும் பிரித்தெடுத்து அதன் அமைப்பைச் சொன்னார்கள். பிறகுதான் சுவாரசியமான விஷயம் வெளிவந்தது. அந்த மூலக்கூறு போய் ஒட்டிக்கொள்வதற்கென்றே நம் மூளையில் ஏற்பிகள் இருக்கின்றன. அப்படியானால் உடம்பே அதுபோன்ற ஒன்றைத் தயாரிக்க வேண்டுமே என்று தேடியவர்கள் 1992இல் அதையும் கண்டுபிடித்தார்கள். வைத்த பெயர் ‘ஆனந்தமைடு’. நம்முடைய ‘ஆனந்தம்’தான். பசி, வலி, நினைவு, மனநிலை எல்லாவற்றிலும் கைவைக்கும் அமைப்பு இது. மூளை வளர்வதிலும் இதற்குப் பங்கு உண்டு. பதின்ம வயதினர் கஞ்சாவைத் தொடக்கூடாது என்று தாராளவாதிகள்கூடச் சொல்வதற்குக் காரணம் ஒழுக்கம் அல்ல, இதுதான்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். “நாங்களும் அந்தக் காலத்தில் இழுத்தவர்கள்தான், என்ன கெட்டுப்போனோம்?” என்று கேட்கும் பெரியவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. அவர்கள் இழுத்த சரக்கு வேறு. அமெரிக்காவில் பறிமுதல் செய்யப்பட்ட கஞ்சாவில் 1995இல் சராசரியாகச் சுமார் 4 சதவீதமாக இருந்த டிஎச்சி, 2021இல் 15 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. செடியிலிருந்து சாறு பிரித்துச் செறிவாக்கிய பொருள்களில் அது 60 சதவீதத்துக்கும் மேலே போகிறது. பியர் குடித்த அனுபவத்தை வைத்துச் சாராயத்துக்குச் சான்றிதழ் கொடுக்க முடியாது இல்லையா?

நாலு நிலைகள்

சட்டம் ஒரு பொருளை நடத்தும் விதம் ‘அனுமதி’, ‘தடை’ என்ற இரண்டோடு முடிவதில்லை. நடுவே பல படிகள் இருக்கின்றன.

முழுத்தடையை விளக்க வேண்டியதில்லை: வளர்ப்பது, விற்பது, வைத்திருப்பது எல்லாம் குற்றம்.

அடுத்தது மருத்துவ அனுமதி. இதில் இரண்டு வகை உண்டு, இரண்டையும் குழப்பிக்கொள்வது வழக்கமாகிவிட்டது. முதல் வகை, மற்ற எந்த மருந்தையும் போலச் சோதித்து, அளவு குறித்து அங்கீகரிப்பது. லெனாக்ஸ்-காஸ்டோ, டிராவே என்ற இரண்டு கடுமையான குழந்தைப்பருவ வலிப்பு நோய்களுக்கு எபிடியோலெக்ஸ் என்ற சிபிடி மருந்தை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018இல் ஏற்றுக்கொண்டது. புற்றுநோய்ச் சிகிச்சையில் வரும் குமட்டலுக்கு, ஆய்வகத்தில் செய்த டிஎச்சி மாத்திரை 1985லேயே வந்துவிட்டது. இரண்டாவது வகை, மருத்துவரிடம் ஒரு சீட்டு வாங்கி நேரே பூவையே வாங்கிக்கொள்வது. கலிஃபோர்னியா 1996இல் வாக்கெடுப்பு நடத்தித் தொடங்கிவைத்த வழி. முதல் வகைக்கு எதிராகப் பேசுகிறவர்கள் அநேகமாக இல்லை. இரண்டாவது வகையில் உண்மையான நோயாளியும் வருவார், சும்மா சீட்டு வாங்க வருகிறவரும் வருவார். அமெரிக்காவின் தேசிய அறிவியல் கழகங்கள் 2017இல் வெளியிட்ட பெரிய மதிப்பீட்டில் வலுவான சான்று இருப்பதாகச் சொன்னவை முக்கியமாக மூன்று: பெரியவர்களின் நாள்பட்ட வலி, புற்றுநோய் மருந்துகளால் வரும் குமட்டல், மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோய் உள்ளவர்கள் தாங்களே உணர்ந்து சொல்லும் தசை இறுக்கம். சர்வரோக நிவாரணி என்று கஞ்சா எண்ணெயை விற்பவர்களின் பட்டியல் இதைவிட ரொம்ப நீளம். அதை நம்பாதீர்கள்.

மூன்றாவது நிலை குற்றநீக்கம். இதைத்தான் அதிகம் பேர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். குற்றநீக்கம் என்றால் அனுமதி அல்ல. பொருள் தடையில்தான் இருக்கும். விற்பவர் சிறைக்குத்தான் போவார். ஆனால் சொந்த உபயோகத்துக்காகக் கொஞ்சம் வைத்திருப்பவர் குற்றவாளி ஆகமாட்டார். சிவப்பு விளக்கில் வண்டியை நிறுத்தாமல் போனால் அபராதம் கட்டுகிறோமே, அந்த மாதிரி. போர்ச்சுகல் 2001இல் எல்லாப் போதைப்பொருள்களுக்கும் இதைச் செய்தது. பத்து நாள் உபயோகத்துக்குள் அடங்கும் அளவோடு பிடிபட்டவர் நீதிமன்றத்துக்குப் பதிலாக ஒரு குழுவின் முன் நிற்பார். அந்தக் குழு எச்சரிக்கலாம், அபராதம் போடலாம், சிகிச்சைக்கு அனுப்பலாம். ஹெராயின் அடிமைத்தனம் பெரிய அளவில் பரவி, எய்ட்ஸ் தொற்று எகிறிய நிலையில் எடுத்த முடிவு அது. சிகிச்சைக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்கினார்கள் என்பதை, போர்ச்சுகலை மேற்கோள் காட்டுகிறவர்கள் பலர் விட்டுவிடுகிறார்கள்.

நான்காவதுதான் முழுமையான சட்டபூர்வமாக்கல்: வயதுவந்தவர் வெறும் இன்பத்துக்காக வாங்கலாம், அதை உற்பத்தி செய்து விற்கவும் சட்டத்தில் வழி உண்டு. இதை நாடு முழுவதற்கும் முதலில் செய்தது உருகுவே, 2013இல். அமெரிக்காவில் கொலராடோவும் வாஷிங்டன் மாநிலமும் 2012 வாக்கெடுப்பில் முடிவெடுத்தன. கனடா 2018 அக்டோபர் 17இல் கதவைத் திறந்தது.

மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும் நடுவே கால் வைத்து மாட்டிக்கொண்ட நாடு ஒன்று உண்டு. நெதர்லாந்து. அங்கே கஞ்சா சட்டபூர்வம் என்று உலகமே நினைக்கிறது, உண்மையில் இல்லை. 1976இல் சட்டத்தைத் திருத்தியபோது கஞ்சாவை ஹெராயின் போன்றவற்றிலிருந்து பிரித்து, பின்னர் ‘காஃபி ஷாப்’ எனப்படும் கடைகளில் சிறு அளவில் விற்பதைக் கண்டுகொள்ளாமல் விட்டார்கள். இப்போதைய வரம்பு ஒருவருக்கு 5 கிராம். ஆனால் அந்தக் கடைக்குச் சரக்கு எங்கிருந்து வரும்? வளர்ப்பதும் மொத்தமாக விற்பதும் குற்றமாகவே இருந்தன. முன்வாசலில் வரி கட்டும் வியாபாரி, பின்வாசலில் கடத்தல்காரரிடம் கொள்முதல் செய்தார். இதற்கு அங்கே ‘பின்கதவுப் பிரச்சினை’ என்றே பெயர். உரிமம் பெற்ற பண்ணைகளிலிருந்து சரக்கு வாங்கும் சோதனைத் திட்டம் 2023 டிசம்பரில் பிரேடா, டில்பர்க் நகரங்களில் தொடங்கியது. பின்கதவைப் பற்றி யோசிக்க அவர்களுக்கு நாற்பத்தேழு வருஷம் ஆகியிருக்கிறது.

தடை எப்படி வந்தது

இந்தச் செடியைப் பற்றி அரசு நடத்திய முதல் பெரிய விசாரணை பிரிட்டிஷ் இந்தியாவில் நடந்தது. 1893–94இல் அமைத்த ஆணையம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாட்சிகளைக் கேட்டது. மிதமான உபயோகத்தால் பெரிய தீங்கில்லை, அளவு மீறினால் தீங்கு, முழுத்தடை வேண்டாம், வரியும் உரிமமும் போட்டுக் கட்டுப்படுத்துங்கள் என்று பல தொகுதிகளில் அறிக்கை கொடுத்தது. வரி வருமானம் போய்விடுமே என்ற கவலையும் அன்றைய அரசுக்கு இருந்தது என்பதை மறக்க வேண்டாம். இதற்கிடையே ஒப்பந்தக் கூலிகளாகப் போன இந்தியர்களோடு ‘கஞ்சா’ என்ற சொல்லும் ஜமைக்காவுக்குக் கப்பலேறி, அங்கேயே வேர்விட்டுவிட்டது.

1925 ஜெனீவா ஒப்பந்தத்தில் கஞ்சா உலகக் கட்டுப்பாட்டுக்குள் வந்தது; 1937இல் அமெரிக்கா வரி என்ற பெயரில் அதைத் தடுத்தது; 1961 ஐநா ஒப்பந்தம் ஹெராயினோடு சேர்த்துக் கடுமையான பட்டியலில் போட்டது. 1972இல் அதிபர் நிக்சனே நியமித்த ஆணையம், கொஞ்சம் வைத்திருப்பதைக் குற்றமாக்க வேண்டாம் என்றது. நிக்சன் அதை ஏற்கவில்லை. 2020 டிசம்பரில்தான் ஐநா ஆணையம் கஞ்சாவை அந்த மிகக் கடுமையான பட்டியலிலிருந்து எடுத்தது: ஆதரவு 27, எதிர்ப்பு 25. அதுவும் மருத்துவப் பயனை ஒப்புக்கொள்ளும் அளவுக்கு மட்டுமே. பொதுவான கட்டுப்பாடு அப்படியே இருக்கிறது. உருகுவேயும் கனடாவும் சொந்த நாட்டுச் சட்டத்தை மாற்றியபோது கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தோடு முட்டிக்கொண்டன. அதற்காக யாரும் அவற்றைத் தண்டித்துவிடவில்லை.

இரு பக்கமும் என்ன சொல்கிறது

தடையை நீக்கச் சொல்கிறவர்களின் வலுவான வாதம் ‘கஞ்சா நல்லது’ என்பதல்ல. ‘தடை அதைவிடக் கெட்டது’ என்பது. 2001 முதல் 2010 வரை அமெரிக்காவில் கஞ்சா தொடர்பான கைதுகள் 80 லட்சத்துக்கும் மேல். அவற்றில் 88 சதவீதம் வெறுமனே வைத்திருந்ததற்காக. இந்தக் கணக்கை எடுத்த அமெரிக்கச் சிவில் உரிமைகள் சங்கம் இன்னொன்றையும் காட்டியது: கறுப்பரும் வெள்ளையரும் ஏறக்குறைய ஒரே விகிதத்தில்தான் கஞ்சா உபயோகிக்கிறார்கள், ஆனால் கறுப்பர் கைதாகும் வாய்ப்பு 3.7 மடங்கு. எந்த நாட்டில் பார்த்தாலும் இந்தச் சட்டத்தின் அடி எல்லார் முதுகிலும் சமமாக விழுவதில்லை. அதோடு, கள்ளச்சந்தையில் விற்பவர் வாங்குபவரின் வயதைக் கேட்பதில்லை. பொட்டலத்தில் என்ன கலந்திருக்கிறது என்று சீட்டு ஒட்டுவதும் இல்லை.

எதிர்ப்பவர்களின் வாதமும் வெறும் பயமுறுத்தல் அல்ல. கஞ்சாவுக்கு அடிமையாவது இல்லை என்ற பேச்சு பொய். தொட்டவர்களில் சுமார் 9 சதவீதம் பேர் அதைச் சார்ந்திருக்கும் நிலைக்குப் போகிறார்கள் என்பது 1990களின் மதிப்பீடு. பதின்ம வயதில் தொடங்கினால் சுமார் 17 சதவீதம். பின்னால் வந்த மதிப்பீடுகள் இதைவிடக் கூடுதலாகவே சொல்கின்றன. மனநோய் இன்னும் பெரிய கவலை. இல்லாத குரல் கேட்பது, ஆதாரமில்லாத சந்தேகம் மனத்தைப் பிடித்து ஆட்டுவது என்று நிஜத்தோடு தொடர்பு அறுந்துபோகும் நிலையை மருத்துவர்கள் சைக்கோசிஸ் என்கிறார்கள். பல ஐரோப்பிய நகரங்களை உள்ளடக்கி 2019இல் வெளியான ஓர் ஆய்வு, வீரியம் மிகுந்த கஞ்சாவைத் தினமும் உபயோகிப்பவர்களிடம் இதன் வாய்ப்பு, தொடாதவர்களைவிடச் சுமார் ஐந்து மடங்கு என்றது. கஞ்சாதான் காரணமா, ஏற்கெனவே அந்தப் பக்கம் சாய்ந்த மனம்தான் கஞ்சாவைத் தேடுகிறதா என்று ஆய்வாளர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். குடும்பத்தில் மனச்சிதைவு வரலாறு உள்ளவர் அந்த வாதம் முடியும்வரை காத்திருந்து பரிசோதிக்க வேண்டியதில்லை.

‘கஞ்சாவில் தொடங்கினால் ஹெராயினில் முடியும்’ என்ற வாதம் மட்டும் எனக்குப் பலவீனமாகத் தெரிகிறது. கஞ்சா உபயோகித்த பெரும்பாலோர் அந்தப் பக்கம் போவதே இல்லை. நெதர்லாந்துக்காரர்கள் இதைத் தலைகீழாக யோசித்தார்கள்: அடுத்த படிக்கு இழுப்பது செடியல்ல, எல்லாவற்றையும் ஒரே பையில் வைத்து விற்கும் ஆள், அவரிடமிருந்து கஞ்சா வாங்குபவரைப் பிரித்துவிட்டால் போதும். 1976 திருத்தத்தின் அடிப்படையே இந்த எண்ணம்தான்.

“மதுவை அனுமதிக்கிறீர்களே?” என்ற கேள்வி தவறாமல் வரும். மது அதிகம் பேரைக் கொல்கிறது என்பது உண்மை. ஆனால் இந்த வாதம் இரண்டு பக்கமும் வெட்டும். மதுவைப் போன்ற ஒரு தொழில் இன்னொன்று வேண்டுமா என்றும் இதே உதாரணத்தை வைத்துக் கேட்கலாம்.

யார் விற்கிறார்கள்?

என் பார்வையில் விவாதத்தின் மையம் இங்கேதான். வைத்திருப்பவரைச் சிறையில் போடுவது தேவையற்ற கொடுமை என்று எனக்குத் தெளிவாகத் தோன்றுகிறது. ஆனால் அங்கிருந்து ‘ஆகவே கம்பெனிகள் விற்கட்டும்’ என்று தாவ வேண்டிய அவசியம் இல்லை.

காரணம் எளிய கணக்கு. எந்தப் போதைப்பொருளிலும் விற்பனையின் பெரும்பகுதி கொஞ்சம் பேரிடமிருந்து வருகிறது, தினமும் உபயோகிப்பவர்களிடமிருந்து. மாதம் ஒருமுறை வாங்குபவரை நம்பி எந்த வியாபாரியும் கடை நடத்த முடியாது. லாபத்துக்காக நடக்கும் சந்தைக்கு, அடிமையானவர்தான் நல்ல வாடிக்கையாளர். ஜொனாதன் கால்கின்ஸ் என்ற ஆய்வாளர் அமெரிக்க அரசின் கணக்கெடுப்புகளை ஆராய்ந்து 2024இல் வெளியிட்டதைப் பாருங்கள்: தினமும் அல்லது அநேகமாகத் தினமும் கஞ்சா உபயோகிப்பதாகச் சொன்னவர்கள் 1992இல் 10 லட்சத்துக்கும் குறைவு. 2022இல் 1 கோடியே 77 லட்சம். அதே அளவுக்கு மது குடிப்பவர்களைவிட இது அதிகம், வரலாற்றில் முதல்முறையாக. சட்டம் தளர்ந்ததால் மட்டும் இது நடந்தது என்று அவரே சொல்லவில்லை. வெளிப்படையாக ஒப்புக்கொள்ளும் துணிச்சலும் கூடியிருக்கும். அதே அமெரிக்காவில் பள்ளி மாணவர்களிடம் எதிர்பார்த்த அளவு உயர்வு இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கூடியது பெரியவர்களின் தினசரிப் பழக்கம்.

உருகுவே இதை முன்கூட்டியே யோசித்தது போலத் தெரிகிறது. அதிபர் ஹொசே முஹிகா காலத்தில் வந்த சட்டம் மூன்று வழிகளை மட்டும் வைத்தது: வீட்டில் ஆறு செடி, அல்லது 15 முதல் 45 பேர் கொண்ட சங்கம், அல்லது மருந்துக்கடையில் வாரத்துக்கு 10 கிராம். மூன்றில் ஒன்றில்தான் பதிய முடியும். விளம்பரம் இல்லை. சுற்றுலாப் பயணிக்கு விற்பனை இல்லை. பார்க்கவே சலிப்பாக இருக்கும். அந்தச் சலிப்புதான் நோக்கம். ஆனால் 2017இல் மருந்துக்கடை விற்பனை தொடங்கியதும், இந்தப் பணத்தைத் தொட்டால் எங்களோடு உறவு வேண்டாம் என்று அமெரிக்க வங்கிகள் உருகுவே வங்கிகளை நெருக்கின. சில கடைகள் பின்வாங்கின.

கொலராடோ எதிர்த்திசை. 2014 ஜனவரி 1 முதல் கடைகள்; வரி வருமானத்தில் ஒரு பகுதி பள்ளிக் கட்டடங்களுக்கு. பணம் உண்மையிலேயே வந்தது. வரி வரத் தொடங்கிய பிறகு விற்பனை குறைந்தால் அரசுக்கும் வருத்தம் வரத்தான் செய்யும்.

கனடா நடுவில் நின்றது. பெட்டியில் படமோ கவர்ச்சியோ இருக்கக் கூடாது, தின்பண்டமாக விற்றால் ஒரு பெட்டியில் 10 மில்லிகிராம் டிஎச்சிக்கு மேல் கூடாது. இந்தப் பத்து மில்லிகிராம் விதி எனக்குப் பிடித்த விதி. மிட்டாய் என்று நினைத்துக் குழந்தை எடுத்துத் தின்றுவிட்டு மருத்துவமனைக்கு ஓடும் சம்பவங்கள் சட்டபூர்வமான பல இடங்களில் கூடின, கனடாவிலும்தான். பெட்டிக்குள் இருப்பது குறைவாக இருந்தால் ஆபத்தும் குறைவு. ஜெர்மனி 2024 ஏப்ரல் முதல் தேதி எடுத்த வழியில் கடையே கிடையாது: வெளியே 25 கிராம் வைத்திருக்கலாம், வீட்டில் மூன்று செடி வளர்க்கலாம், இல்லையென்றால் லாபம் பார்க்காத சங்கத்தில் உறுப்பினராகலாம்.

விதி எழுதாமல் கதவைத் திறந்தால் என்னாகும் என்பதற்குத் தாய்லாந்தைப் பார்க்கலாம். 2022 ஜூனில் கஞ்சாவைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். அதைக் கட்டுப்படுத்தும் சட்டம் பின்னால் வரும் என்றார்கள். வரவில்லை, கடைகள்தான் ஆயிரக்கணக்கில் வந்தன. மூன்று ஆண்டு கழித்து, 2025 ஜூனில், மருத்துவச் சீட்டு இருந்தால்தான் பூ விற்கலாம் என்று பின்னோக்கித் திருப்பினார்கள். கடனை வாங்கிக் கடை போட்டவர் கதி?

வண்டி ஓட்டுவது தனிச் சிக்கல். மூச்சை ஊதச் சொல்லி மது அளவைப் பார்க்கிறார்கள். டிஎச்சிக்கு அது பொருந்தாது. அது கொழுப்பில் சேர்ந்துகொள்வதால், தினமும் உபயோகிப்பவர் ரத்தத்தில் போதை தெளிந்த பிறகும் தங்கியிருக்கும். எப்போதாவது புகைப்பவரிடம் போதை இருக்கும்போதே அளவு இறங்கிவிடும். கொலராடோ ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் 5 நானோகிராம் என்று கோடு போட்டிருக்கிறது. கோடு வேண்டும் என்பதற்காகப் போட்ட கோடு அது.

கடைசியாக, விவாதத்தில் அதிகம் காதில் விழாத ஒன்று. சட்டம் மாறும் நாளுக்கு முன்பே தண்டனை பெற்றவர்களை என்ன செய்வது? நேற்று குற்றம், இன்று கடையில் ரசீதோடு கிடைக்கும் பொருள். ஆனால் அவருடைய பதிவு அப்படியே இருக்கிறது, வேலைக்கு விண்ணப்பிக்கும்போதெல்லாம் எழுந்து வருகிறது. கனடா 2019இல் பழைய வழக்குகளுக்கு மன்னிப்புச் சட்டம் கொண்டுவந்தது. கட்டணம் இல்லை. ஆனால் சம்பந்தப்பட்டவரே பழைய நீதிமன்ற ஆவணங்களைத் தேடி எடுத்து விண்ணப்பிக்க வேண்டும். முதல் இரண்டு ஆண்டுகளில் பயன்பெற்றவர்கள் சில நூறு பேர்தான். கலிஃபோர்னியா 2018இல் வேறு மாதிரி சட்டம் இயற்றியது: நீக்கவோ குறைக்கவோ தகுதியுள்ள பழைய குற்றப் பதிவுகளை அரசே தேடி எடுக்க வேண்டும், யாரும் விண்ணப்பிக்கத் தேவையில்லை.